பெரிய மாப்பிள்ளை துடைத்த ஓட்டைகள்

மாமனார் தன் நாற்காலிக்கு விலை சொல்லிவிட்டார்: வருடக் கடைசியில் ஒரே ஒரு தாள், கோடு விழாமல்.

விலைக்குப் போகிற நாற்காலி அல்ல அது. ஒரு கை உடைந்து கயிறு சுற்றியிருந்தது. இருக்கை அவர் உடம்புக்கு மட்டும் பொருந்துகிற மாதிரிக் குழிந்து போயிருந்தது. பழைய சாமான் வாங்குகிறவன்கூட அதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். ஆனால் பட்டறையில் எந்த ஆர்டரை எடுப்பது, எவனுக்குச் சரக்கு இல்லை என்று கையை விரிப்பது, யாருக்கு எப்போது லீவு என்பதெல்லாம் அந்தக் குழியிலிருந்துதான் வரும். மூட்டு வலி முற்றி நடமாட்டம் குறைந்ததும், மாமனார் தன் இரண்டு மாப்பிள்ளைகளையும் எதிரே நிறுத்தி விலையைச் சொன்னார். வியாபாரி. ஓய்வைக்கூடச் சும்மா எடுத்துக்கொள்ளமாட்டார். யாருடைய மெஷின் வருடம் முடிகிற அன்றைக்குக் கோடில்லாமல் அடிக்கிறதோ அவர் உட்காரலாம்.

அந்த நிமிடமே பெரிய மாப்பிள்ளைக்கு நாற்காலியைத் துடைக்க வேண்டும் போலிருந்தது.

தொழில், மரம். அதாவது மரமில்லாத மரம். காகித ரோலில் மர ரேகையை அச்சடித்து அனுப்பினால், பலகைக் கம்பெனிக்காரர்கள் அதை மரத்தூள் பலகையின் மேல் ஒட்டிக் கதவு, மேஜை, அலமாரி என்று விற்பார்கள். மெஷின் இரண்டு. ஒரே நாளில் ஒரே கன்டெய்னரில் வந்து இறங்கியவை. மெஷினின் உயிர் வரிசையாகப் பொருத்திய ஹெட்டுகளில் இருக்கிறது: உள்ளங்கை அளவுத் தகடுகள், அவற்றில் தலைமுடியைவிட மெல்லிய ஓட்டைகள் ஆயிரக்கணக்கில். ஹெட் அசையாது, காகிதம்தான் அதன் அடியில் ஓடும். ஓர் ஓட்டை அடைத்துக்கொண்டாலோ, மையை நேராகத் துப்பாமல் கோணலாகத் துப்பினாலோ, ரோலின் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரு வெள்ளைக் கோடு விழும். அடி பிசகாத நேர்கோடு. நேர்கோட்டில் ரேகை ஓடுகிற மரத்தை எவன் பார்த்திருக்கிறான்? பலகைக்காரன் ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

ஒன்றிரண்டு ஓட்டை போனால், பக்கத்து ஓட்டையை இரட்டை வேலை பார்க்க வைத்து மெஷினே மறைத்துவிடும், குடும்பங்களில் நடப்பது போல. ஆனால் டெஸ்ட் தாளில் எதுவும் மறையாது. எந்த ஓட்டை துப்புகிறது, எது துப்பவில்லை என்று அப்பட்டமாகக் காட்டிவிடும். ஹெட்டை மாற்றலாமே என்று கேட்கலாம். ஒரு செட் மாற்றுகிற செலவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்பார் மாமனார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜன்னல் பக்கத்து மெஷின் பெரிய மாப்பிள்ளைக்கு. வாசல் பக்கத்து மெஷின் சின்ன மாப்பிள்ளைக்கு.

சின்ன மாப்பிள்ளையைப் பற்றித் தனக்கு இருந்த அபிப்பிராயத்தைப் பெரிய மாப்பிள்ளை வாய்விட்டுச் சொன்னதில்லை. தேவைப்படவில்லை, மூக்கு சொல்லிவிடும். சகலை பக்கத்தில் வந்து நின்றால் அந்த மூக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிடும். அவன் நகக்கண்ணில் நீல மை, காதுமடலில் மஞ்சள் மை, சட்டைப் பையில் எந்நேரமும் வேர்க்கடலை. தோலை ஊதிவிட இத்தனை பெரிய உலகத்தில் அவனுக்குக் கிடைத்த இடம் மெஷினின் கன்ட்ரோல் பெட்டி. வேலை நேரத்தில் பாதி ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பான். கேட்டால் சத்தத்தை வைத்தே மெஷினைக் கவனிக்கிறானாம். ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு இவனோடு தன்னையும் ஒரே தராசில் ஏற்றி நிறுக்கிறார்களே என்று பெரிய மாப்பிள்ளைக்கு நெஞ்செரிச்சல்.

அவர் எப்படிப்பட்டவர் என்றால், மெஷினைப் பொருத்த வந்த ஃபிட்டர் அரை மணி நேரம் ஹெட்டைப் பற்றி விளக்கினபோது, அந்த ஆளுடைய சட்டைக் காலரில் இருந்த அழுக்கைத் தவிர வேறொன்றும் அவர் மனதில் ஏறவில்லை. இப்படி ஒரு காலரோடு ஊர் ஊராகப் போகிறவனிடம் என்ன பாடம் கேட்பது? சின்ன மாப்பிள்ளையும் ஒழுங்காகக் கேட்கவில்லை. அவன் கேட்டது ஒரே கேள்வி. "இந்த ஒரு பட்டன் அமுக்கினா எல்லாம் அதுவே பண்ணிக்குமா?" பண்ணிக்கொள்ளும் என்றார் ஃபிட்டர். உள்ளிருந்து மையைத் தள்ளி ஓட்டையைக் கழுவும், மேலே தொடாமலேயே உறிஞ்சி எடுக்கும், வேலை முடிந்ததும் மூடி போட்டுக்கொள்ளும். சின்ன மாப்பிள்ளையின் முகத்தில் அன்றைக்கு வந்த நிம்மதி அவன் கல்யாண போட்டோவில்கூட இல்லை.

பெரிய மாப்பிள்ளை பட்டனை நம்புகிற ஆள் இல்லை. கை படாத சுத்தம் ஒரு சுத்தமா? அவர் மூக்குக்கண்ணாடியை நாளெல்லாம் சட்டை நுனியால் தேய்த்துக்கொண்டிருப்பார். வாங்கின கொஞ்ச நாளிலேயே கண்ணாடியில் மேகம் படிந்த மாதிரி ஆகிவிடும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கடையை மாற்றுவார். இப்போதைக்கு ஊரில் அவர் கால் வைக்காத கண்ணாடிக் கடை பாக்கியில்லை. வீட்டில் ஒட்டாத தோசைக்கல் மாதிரி ஒரு வாணலி உண்டு. மனைவி ஊருக்குப் போயிருந்த சமயம் அதைக் கம்பி நாரால் தேய்த்து வெள்ளி மாதிரி பண்ணி வைத்திருந்தார். திரும்பி வந்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்படியில் கவிழ்த்து வைத்தாள். பாராட்டத் தெரியவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் ஹெட்டும். காலையில் வந்ததும் ஹெட்டுகள் மாட்டியிருக்கிற அச்சுப் பாலத்தைத் தூக்கி, வெள்ளைத் துணியைக் கழுவுகிற திரவத்தில் நனைத்து, தகடுகளைத் தேய்ப்பார். மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் முகம் தெரிகிறவரை. முதல் மாதங்களில் டெஸ்ட் தாள் புது மணமகன் வேட்டி மாதிரி வந்தது. அதை எடுத்துப்போய் மாமனார் மேஜையில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். வாசல் மெஷினிலும் கோடு இல்லைதான். அது அதிர்ஷ்டம். அழுக்கனுக்கும் ஒரு காலம் ஓடும்.

பிறகு ஒரு கோடு வந்தது. தேய்த்தார், போய்விட்டது. மறுநாள் இரண்டு வந்தன. அழுத்தித் தேய்த்தார், ஒன்று போனது. தகட்டைக் குனிந்து பார்த்தால் முன்பு உருண்டு விழுந்த மை இப்போது வியர்வை மாதிரி அங்கங்கே பரந்து நின்றது. இவ்வளவு துடைத்தும் இவ்வளவு அழுக்கா என்று அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. துணியை மாற்றினார், திரவத்தை மாற்றினார், காலை மாலையோடு இடைவேளையும் சேர்த்துக்கொண்டார். எத்தனைக்கெத்தனை தேய்த்தாரோ அத்தனைக்கத்தனை கோடு.

வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மனிதர். காரணத்தை வெளியில் தேடினார். சகலை நல்ல மை டப்பாக்களை ஒதுக்கிக்கொண்டு மட்டமானதை இவர் பக்கம் தள்ளுகிறான் என்று முதலில் நினைத்தார். டப்பாக்களைத் தானே பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். கோடு குறையவில்லை. ஜன்னல் வழியாகத் தூசி வருகிறது என்று ஜன்னலுக்குத் துணி கட்டினார். புழுக்கத்தில் வேலைக்காரர்கள் மயங்கி விழாததுதான் பாக்கி. கோடு குறையவில்லை. கடைசியில் உண்மை அவருக்குப் பளிச்சென்று புலப்பட்டது: இரண்டு மெஷினும் ஒன்றல்ல. நல்லது வாசலில் நிற்கிறது, நோஞ்சானைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள். இல்லாவிட்டால் கடலை தின்கிறவன் தாளில் கோடில்லாமல், துடைக்கிறவர் தாளில் கோடு எப்படி வரும்?

தலையில் கட்டியதை வேறொரு தலைக்கு மாற்றிக் கட்டத்தானே வியாபாரம்.

மாமனார் முன்னிலையில் அவர் பேச்சை ஆரம்பித்த விதம் அழகு. ஜன்னல் பக்கம் நல்ல காற்று, தம்பி வேறு வியர்த்துக் கொட்டுகிற உடம்பு, நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன், பெரியவன் என்று இருந்தால் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும், என்று உருகினார். ஜன்னலில் கட்டின துணியை முந்தின நாளே அவிழ்த்துவிட்டிருந்தார். சின்ன மாப்பிள்ளை கடலையை மென்றபடி ஜன்னலைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். ஸ்டூலை எங்கே போடுவது என்பதைத் தவிர அவன் தலையில் வேறு கணக்கு ஓடியதாகத் தெரியவில்லை.

"சரிண்ணே. ஆனா ஸ்டூல் என்னோடதான் வரும்."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மூடின கண்ணோடே ஒன்று கேட்டார். "இன்னிக்கு எதுல எத்தனை?"

மறைக்க வழியில்லை. ஜன்னல் மெஷினில் பதினொன்று. வாசல் மெஷினில் ஒன்றுமில்லை. மாமனார் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பெரிய மாப்பிள்ளை அன்று வீட்டுக்குப் போகிற வழியில், பேரத்தில் ஜெயித்தவர்கள் நடக்கிற நடை நடந்தார். பதினொரு கோட்டை ஒரு ஸ்டூலுக்கு விற்ற மனிதர் வேறெப்படி நடப்பார்?

வாசல் மெஷின் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் குளிப்பாட்டினார். கன்ட்ரோல் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கடலைத் தோல் வந்தது. ஹெட்டின் தகடு மங்கலாக, எண்ணெய் பூசினது போல இருந்தது. இதிலா கோடில்லாமல் அடித்தான் என்று அருவருத்து, வெள்ளைத் துணியை எடுத்து, முகம் தெரிகிறவரை தேய்த்தார்.

சின்ன மாப்பிள்ளை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுப் பட்டனை அமுக்கினான். பதினொரு கோட்டோடு நல்ல மேஜைப் பலகை அடிக்க முடியாது. அவன் அதற்கு முயலவும் இல்லை. இழுப்பறைக்கு அடியில் ஒட்டுகிற காகிதம், யாரும் குனிந்து பார்க்காத இருட்டு மரம், அதுபோன்ற ஆர்டர்களாகத் தேடி வாங்கி ஓட்டினான். கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காற்று மட்டும் நன்றாக வந்தது.

வருடம் முடியப் போகிற சமயத்தில் வாசல் மெஷினின் தாளில் ஏழு கோடு.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பெரிய மாப்பிள்ளை மெஷின் கம்பெனியை, மைக் கம்பெனியை, காகிதக் கம்பெனியை வரிசையாகத் திட்டிவிட்டு, முட்டை வாணலியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்ததற்காக வாணலிக் கம்பெனிக்கு வந்திருந்தார். அவர் மனைவி, பட்டறையில் விளக்கு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு ரோலையும் பார்த்துத் தள்ளுகிறவள், எழுந்து போய் வாணலியைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாங்கும்போது இது எப்படி இருந்துச்சு?"

"கறுப்பா இருந்துச்சு. அழுக்கா."

"அந்தக் கறுப்புக்குத்தாங்க காசு கொடுத்தோம்."

அவருக்குப் புரியவில்லை. அவள் விடவில்லை. முட்டை ஒட்டாமலிருக்கத்தான் அந்தப் பூச்சு, அதை நாரால் சுரண்டி எடுத்துவிட்டு முட்டை ஒட்டுகிறது என்று கம்பெனியைத் திட்டினால் கம்பெனி என்ன செய்யும் என்றாள். ஹெட் தகட்டிலும் அதே கதைதான். மை ஒட்டாமல் உருண்டு விழ ஒரு பூச்சு. அது போனால் மை ஓட்டையைச் சுற்றிப் பரவி நிற்கும், வருகிற துளியைக் கோணலாக இழுக்கும், காய்ந்தால் அடைக்கும்.

"வந்த ஃபிட்டர் படிச்சுப் படிச்சு சொன்னான். தேய்க்காதீங்க, கை வைக்கணும்னா ஈரத் துணியால ஒத்தி எடுங்கன்னு. நீங்க அவன் காலரைப் பார்த்துட்டிருந்தீங்க."

"அப்ப நீ ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீங்க கண்ணாடியைத் துடைச்சுட்டிருந்தீங்க."

அவர் கையைப் பார்த்தார். கண்ணாடி கையில்தான் இருந்தது, சட்டை நுனியும். மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"அப்போ அந்த அழுக்கு மூட்டைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. சோம்பேறி. சோம்பேறி கை எதையும் சுரண்டாது." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். "எங்கப்பா நாற்காலி வேணும்னா அந்தத் துணியை என்கிட்ட கொடுங்க. தங்கச்சி புருஷன் மாதிரி பட்டனை மட்டும் அமுக்குங்க. அவ்வளவு கேவலமா இருக்க உங்களால முடியுமான்னுதான் தெரியல."

துணியைக் கொடுத்தார். அதைச் சொல்ல எளிது. அடுத்து வந்த நாட்களில் பெரிய மாப்பிள்ளை பட்ட பாட்டை மதுவை விட்டவன்கூடப் பட்டிருக்கமாட்டான். தகட்டின் ஓரத்தில் மை பிசுபிசுப்பதைப் பார்த்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பட்டனை அமுக்குவார். மெஷின் உள்ளே கழுவி, உறிஞ்சி, மூடிக்கொள்ளும். தொடாத சுத்தம். சகலையைப் போலப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று கேவலமாக இருந்தது. ஆனால் தாள் பேசியது. ஏழு ஐந்தானது. ஐந்து இரண்டானது. பூச்சு திரும்பி வளராதுதான், ஆனால் சும்மா விட்டால் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு ஹெட் எப்படியோ சமாளித்தது.

வருடம் முடிகிற அன்று காலையில் டெஸ்ட் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோடு இல்லை. திருப்பிப் பிடித்தார். இல்லை. மனைவி தன் மேஜையிலிருந்தே பார்த்தாள், ஒரு தடவை தலையசைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடமிருந்து அவர் வாங்கின பெரிய பட்டம் அதுதான்.

மாமனார் வர நேரமானது. மூட்டு. அதுவரை மெஷின் பக்கத்தில் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நிற்பதுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பாலத்தைத் தூக்கி ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது ஹெட்டின் மூலையில் கறுப்பு மை ஒரு சொட்டு, விழவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் வந்து குனிந்து பார்ப்பார். பார்த்தால் என்ன நினைப்பார்? பெரிய மாப்பிள்ளையும் சின்ன மாப்பிள்ளையும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள் என்று நினைப்பார். ஜன்னலோரத்தில் அவன் கடலை உரிக்கிற சத்தம் கேட்டது.

துணி மனைவியிடம் இருந்தது. பையில் கைக்குட்டை இருந்தது. வெளுத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்தது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதைத் துடைப்பதற்காக எடுத்து வந்தது.

அந்த ஒரு சொட்டைத்தான் தொட நினைத்தார். சொட்டு இழுபட்டுத் தகட்டின் நீளத்துக்கும் பூசிக்கொண்டது. பூசினதைத் துடைத்தார். துடைத்தது பக்கத்து ஹெட்டுக்குப் போயிற்று. அதையும் துடைத்தார். பிறகு கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது, பழைய வேகத்தில், பழைய அழுத்தத்தில், முகம் தெரிகிறவரை. தெரிந்த முகம் வியர்த்திருந்தது.

வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

மாமனார் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பின்னால் தடியை ஊன்றி நின்றார், கடைக்காரன் சரக்குக்குப் பின்னால் நிற்பது போல. முதலில் ஜன்னல் மெஷினின் தாளைக் கொண்டுவரச் சொன்னார். சின்ன மாப்பிள்ளை பட்டனை அமுக்கித் தாளைக் கொண்டுவந்து நீட்டினான், ஓரத்தில் அவன் கட்டைவிரல் நீலமாகப் பதிந்திருந்தது. மாமனார் எண்ணினார். பன்னிரண்டு.

"கை மாறின அன்னிக்குப் பதினொண்ணு இருந்துச்சே. ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு?"

சின்ன மாப்பிள்ளை கழுத்தைச் சொறிந்தான். "கடலைத் தோலு மாமா. மூடி போடறதுக்குள்ள உள்ள போயிடுச்சு."

பெரிய மாப்பிள்ளை தன் தாளை நீட்டினார். காலையில் எடுத்து, மடிப்பு விழாமல் அட்டைக்குள் வைத்திருந்தது. மாமனார் அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்துகூட நின்றது.

"இது எப்ப அடிச்சது?"

"காலையில மாமா."

"காலையில நானும் நல்லாத்தான் நடந்தேன் மாப்ளே. இப்ப ஒண்ணு அடிங்க."

மெஷின் ஓடியது. தாள் வந்தது. பெரிய மாப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. மனைவி எழுந்து வந்து எடுத்து, தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, புருஷனின் பையிலிருந்து எட்டிப் பார்த்த கைக்குட்டையை இரண்டு விரலால் உருவினாள். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. அதை அவர் கையிலேயே வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள்.

ஒன்பது கோடு. மாமனார் விரலை வைத்து எண்ணினார், தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்பவும் எண்ணினார். பிறகு பேசினார். குரலில் கோபம் இல்லை. கடை மூடுகிற நேரத்தில் கணக்குச் சொல்கிற குரல்.

விலை ஒன்றுதான் சொன்னது, அதை இரண்டு பேரும் கட்டவில்லை. அதனால் நாற்காலியை ரொக்கத்துக்கு விற்க முடியாது. தன் மூட்டுக்கு இன்னொரு வருடம் காத்திருக்கவும் முடியாது. ஆகவே கடனுக்குத்தான் கொடுத்தாக வேண்டும். கடன் என்று வந்துவிட்டால் ஆளைப் பார்க்கக்கூடாது, பாக்கியைப் பார்க்க வேண்டும்.

"ஒரு கோடு பாக்கி வெச்ச ஆளுக்குக் கொடுத்தா, நாளைக்குத் தேறும். இருபது கோடு பாக்கி வெச்ச ஆளுக்குக் கொடுத்தா, என்னை யாரும் வியாபாரின்னு சொல்லமாட்டாங்க." தடியால் நாற்காலியை முன்னுக்குத் தள்ளினார். "உட்காருங்க சின்ன மாப்ளே. கடலையை மட்டும் வெளியில வெச்சுட்டு வாங்க."

சின்ன மாப்பிள்ளைக்கு உட்காரச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் குழிக்கென்றே அளவெடுத்துச் செய்தவன் போல அமிழ்ந்தான். கயிறு சுற்றின கையில் முழங்கையை வைத்தான், அங்கே ஒரு நீலக் கறை ஒட்டியது. பெரிய மாப்பிள்ளையின் கை தானாக அந்தக் கறையை நோக்கி நீண்டது. கையில் இருந்த கைக்குட்டை அதைவிடக் கறுப்பு. பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

இரண்டு மெஷினிலும் சேர்த்து மொத்தம் இருபத்தொரு கோடு. சின்ன மாப்பிள்ளை பேரில் ஒன்று, கடலைத் தோல் வகையில். ஜன்னல் மெஷினில் பதினொன்றும் வாசல் மெஷினில் ஒன்பதும், ஆக இருபது, பெரிய மாப்பிள்ளை பேரில், சுத்தம் வகையில். வரவு ஒன்றுமில்லை. இருபதும் பாக்கி.